லாப்ரடாரா, ராஜபாளையமா? குட்டியைக் கடைசியில் பாருங்கள்

“மக்கா, லாப்ரடார் எடுக்கட்டா, ராஜபாளையம் எடுக்கட்டா?” என்று போன் வரும். பேச்சுக்குப் பின்னால் மெல்ல ஒரு முனகல் கேட்கும். குட்டி ஏற்கெனவே மடியில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் நான் என்ன சொல்லி என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இந்த இரண்டு நாய் இனமும் வளர்ந்திருக்கின்றன. முதலில் ஒரு கறுப்பு லாப்ரடார், அது போனபின் ஒரு ராஜபாளையம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் என்று பலருக்குக் குட்டி பார்க்கக் கூடவே போயிருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். குட்டியை முதலில் பார்த்துவிட்டு, வீட்டை அப்புறம் பார்த்தார்கள். இங்கே வரிசை தலைகீழ். குட்டி எட்டாவது படியில்தான் வரும்.

கையில் வேண்டியவை: ஒரு நோட்டு, ஓர் அளவு நாடா, வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு சாயங்காலம், குறைந்தது ஒரு மாத அவகாசம்.

1. ஏழு நாள் நேரத்தை எழுதுங்கள்

திங்கள் முதல் ஞாயிறு வரை கோடு போட்டு, வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இப்போது நடப்பதைத்தான் எழுத வேண்டும். “நாய் வந்தால் நானும் விடியற்காலையில் எழுந்து நடப்பேன்” என்பதெல்லாம் நோட்டில் வரக்கூடாது. அப்படிச் சொன்னவர்களில் இரண்டாவது மாதமும் நடந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எழுதி முடித்தபின் மூன்று விஷயத்துக்கு வட்டம் போடுங்கள். வீடு ஆளில்லாமல் கிடக்கும் மிக நீண்ட நேரம் எவ்வளவு? காலை 7 மணிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் யார்? வெயில் தாழ்ந்தபின் அதே அளவு நேரம் யாரிடம் இருக்கிறது?

லாப்ரடாருக்கு மனிதர் பக்கத்தில் வேண்டும். வளர்ந்த நாயை நாலைந்து மணி நேரம் தனியே விடலாம். தினமும் எட்டு மணி நேரம் என்றால் செருப்பில் தொடங்கி, சோபா, வாஷிங் மெஷின் குழாய் என்று முன்னேறும். அதைக் குறும்பு என்று அடிக்கிறார்கள். வேலை இல்லாத வாய், அவ்வளவுதான். ராஜபாளையம் தனிமையைக் கொஞ்சம் தாங்கும், காம்பவுண்டுக்குள் தன் பாட்டில் சுற்றிவரும். ஆனால் பழக்க ஆளில்லாமல் வளர்ந்தால், யாரை உள்ளே விடலாம் என்று அதுவே முடிவெடுக்க ஆரம்பித்துவிடும். சிலிண்டர் கொண்டுவருகிறவர், மீன்கார அக்கா, உங்கள் மைனி (அண்ணி) எல்லோரும் அதன் கணக்கில் அந்நியர்தான்.

ரப்பர் வெட்டும் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. விடியுமுன் போனால், பால் எடுத்து ஷீட் அடித்து மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். மிச்சப் பொழுது ஆள் வீட்டில். இரண்டு நாயும் பொருந்தும். நாகர்கோவிலில் இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகள் டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வந்து சேரும் வீடு என்றால் இரண்டும் வேண்டாம். நோட்டை இங்கேயே மூடிவிடலாம்.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற வீடுகளில் வேறொரு சிக்கல். ஒரு தடவை போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அப்படி ஒரு வீட்டில் ராஜபாளையம் வளர்ந்த முதல் வருடத்தில் வீட்டுக்காரர் கரையில் இருந்தது மொத்தம் மூன்று மாதம்தான். ஒருநாள் நள்ளிரவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நாய் அவரைக் கேட்டில் கைவைக்க விடவில்லை. மனைவி எழுந்து வந்து கழுத்துப்பட்டையைப் பிடித்தபின்தான் மனிதர் சொந்த வீட்டுக்குள் போனார். அந்த மாதிரி வீட்டுக்கு லாப்ரடார்தான் என் கட்சி.

2. சங்கிலியைப் பிடிக்கும் கை யாருடையது?

“எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்பது பதிலே அல்ல. ஒரு பெயர் வேண்டும். நோட்டில் அந்தப் பெயரையும் வயதையும் எழுதுங்கள்.

வளர்ந்த ஆண் லாப்ரடார் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ வரும். ராஜபாளையம் உடம்பு ஒல்லி, ஆனால் தோள் உயரமே 65 முதல் 75 செ.மீ.; நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும் நாய்.

மகன் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பான். ஊரில் அப்பா அம்மா தனியே. ‘காவலுக்கு ஆகட்டும்’ என்று லீவில் வரும்போது ஒரு குட்டியை வாங்கிவிட்டு, இருபதாம் நாள் விமானம் ஏறுவான். ஒரு வருடம் கழித்து அந்தக் குட்டி அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடும். என் பெரியம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது இப்படித்தான். இழுத்தது சாதுவான லாப்ரடார். ரோட்டுக்கு அந்தப்பக்கம் யாரோ பழம்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் காரணம். சங்கிலி பிடிக்கப்போகிறவரிடம் 25 கிலோ அரிசி மூட்டையைக் காட்டுங்கள். அது நாலு காலில் எழுந்து தன்னை இழுத்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

பழக்கும் முறையும் வேறு வேறு. லாப்ரடாருக்குத் தீனிதான் மொழி. ஒரு சின்னத் துண்டு கோழிக்கறிக்கு உட்காரும், வரும், சங்கிலியைத் தளர்த்தி நடக்கும். முதல் தடவை நாய் வளர்ப்பவர் செய்யும் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளும். ராஜபாளையத்திடம் அந்தத் துண்டு எல்லா நாளும் செல்லாது. அதட்டினால் ஒதுங்கிப் போகும், அடித்தால் மறக்காது. ஒன்றிரண்டு பேரிடம்தான் முழுதாக ஒட்டும். அந்த ஒருவர் தினமும் வீட்டில் இருக்க வேண்டும்.

நடக்கப் பழகும் குழந்தை இருக்கிற வீட்டில் லாப்ரடார் பெரும்பாலும் கடிக்காது, ஆனால் வாலாலேயே தள்ளிவிடும். ராஜபாளையம் வீட்டுப் பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கும். லீவுக்கு வந்து கத்திக்கொண்டு ஓடும் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் அதே பொறுமையை எதிர்பார்க்காதீர்கள்.

3. மதில், கேட், தரை

இனி அளவு நாடாவை எடுங்கள்.

எங்கள் மதில் 5 அடி. போதும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் ராஜபாளையம் திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருந்தது. மதில்மேல் பூனை ஒன்று மெதுவாக நடந்தது. நாயின் காது மட்டும் திரும்பியது. எழுந்ததை நான் பார்க்கவில்லை. முற்றத்தில் இரண்டு எட்டு, முன்னங்கால் மதில் விளிம்பைத் தொட்டதும் ஆள் இல்லை. பூனை தப்பியது. அந்தப்பக்கம் மேய்ந்த மூன்று கோழிகள் தப்பவில்லை. கோழிக்குக் காசு கொடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

ஓடும் எதையும் துரத்துவது அந்த இனத்தின் ரத்தத்தில் இருக்கிறது. பழக்கினால் குறையும், போகாது. ராஜபாளையம் என்றால் மதில் 6 அடிக்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் உள்பக்கம் சாய்த்து வலை. கேட்டுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு மேல் இடைவெளி ஆகாது. மதிலை ஒட்டி விறகு அடுக்கியிருந்தால் அது நாய்க்குப் படிக்கட்டு. சுற்றிலும் வேலி மட்டும் உள்ள தென்னந்தோப்பு வீடு, பக்கத்தில் ஆடு, கோழி என்றால் ராஜபாளையத்தை மறந்துவிடுங்கள்.

லாப்ரடார் வரும் வீட்டில் மதிலைவிட முக்கியம் தரை. கீழே கிடப்பதை எல்லாம் பாருங்கள், ஏனென்றால் அது விழுங்கும். மாம்பழ சீசனில் எங்கள் கறுப்பன் ஒரு மாங்கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டு இரண்டு நாள் வாந்தி எடுத்தான். குடலில் அடைத்து, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டிவந்தது. அதிலிருந்து மாமரத்தடியைப் பெருக்கிய பிறகே அவனை அவிழ்ப்போம். ரப்பர் வீட்டில் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) சாக்கையும், ஷீட் உறைய ஊற்றும் ஆசிட் கேனையும் பூட்டி வைக்க இடம் வேண்டும். ஒட்டுப்பாலின் நாற்றம் நமக்குத்தான் நாற்றம். பச்சை மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோண்டித் தின்றாலும் ஆபத்து. அதில் விஷச்சத்து உண்டு. இலைக்கும் தோலுக்கும் அதே கதைதான்.

தரை என்றதும் டைல்ஸ். வழுக்கும் தரையில் சறுக்கிச் சறுக்கி வளர்வது லாப்ரடாரின் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல; அந்த இனத்துக்கு ஏற்கெனவே இடுப்பில் பலவீனம் உண்டு. குட்டி சுற்றும் இடத்தில் ரப்பர் பாய் விரித்தால் போதும். ஒரு வயது தாண்டும்வரை மாடிப்படியை அடைத்து வையுங்கள்.

4. நீங்கள் எந்தப் பக்கத்துக்காரர்?

மாவட்டம் சின்னதுதான். ஆனால் ஆரல்வாய்மொழியில் வாழும் நாயும் குலசேகரத்தில் வாழும் நாயும் ஒரே வானத்தின் கீழ் இல்லை.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நமக்கு இரண்டும் பெய்யும். பேச்சிப்பாறை, குலசேகரம், திருவட்டாறு பக்கம் மாதக்கணக்கில் தரை காயாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, வெயிலும் காற்றும் கூடுதல்.

லாப்ரடாருக்கு இரண்டடுக்கு ரோமம். மேலே தடவினால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதிலிருந்து அரிப்பு, பூஞ்சை, வட்டமாகச் சிவந்து நீர்கோக்கும் புண். தொங்கும் காதுக்குள் சீழ். மழைக்காலத்தில் ஒவ்வொரு தடவை நனைந்தபின்னும் துண்டால் அழுத்தித் துடைத்து, ஃபேன் காற்றில் காய வைக்க இருபது நிமிடம் வேண்டும். இரவு பத்து மணிக்கும் வேண்டும். இந்த வேலையை நினைத்துப் பார்த்து, முடியும் என்றால் மேலே போங்கள்.

ராஜபாளையத்தின் ஒற்றை ரோமம் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் தோல் மெல்லிசு, இளஞ்சிவப்பு. உடம்பில் கொழுப்பும் கிடையாது. மத்தியான வெயிலில் மூக்கும் அடிவயிறும் வெந்து சிவக்கும். மழை இரவில் வெறும் சிமெண்டில் படுத்தால் நடுங்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய பலகையும், சாரல் அடிக்காத மூலையும் அதற்குப் போதும்.

தோவாளைப் பக்கம் லாப்ரடார் என்றால் நடை காலை 7 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் மட்டும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

இடி பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை கோடை மழையிலும் ஐப்பசியிலும் சாயங்கால இடி நம் ஊரில் பலமாக இருக்கும். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா வெடி வேறு. பயந்த லாப்ரடார் கட்டிலுக்கு அடியில் நுழையும். பயந்த ராஜபாளையம் மதில் தாண்டி ஓடிவிடும். எங்கே நிற்கும் என்று தெரியாது. வெடிக்கு முன்பே அதை வீட்டுக்குள் அடைத்து, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள்.

5. உண்ணி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் கறுப்பன் போனது உண்ணிக் காய்ச்சலில்தான்.

ஒருநாள் ராத்திரி சோறு பாதி மிச்சம் இருந்தது. லாப்ரடார் சோற்றை மிச்சம் வைத்ததே பெரிய சேதி. எனக்கு அது அன்று தெரியவில்லை. வெயில் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பயங்கரமான கறுப்பு ரோமம் அவனுக்கு. உள்ளே கிடந்த உண்ணியை எங்கள் கண் பார்க்கவே இல்லை.

எர்லிக்கியா, பேபிசியா என்று இரண்டு நோயை நம் ஊர் நாய் உண்ணி பரப்புகிறது. இரண்டு இனத்துக்கும் வரும். தேர்வில் வித்தியாசம் இதுதான்: ராஜபாளையத்தின் வெள்ளை ரோமத்தில் உண்ணி ஊர்வது தூரத்திலிருந்தே தெரியும், கறுப்பு, சாக்லேட் லாப்ரடாரில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துக்குள் வீடு என்றால் லாப்ரடாரிலும் மஞ்சள் நிறத்தையே எடுங்கள் என்பேன்.

யார் தினமும் ஐந்து நிமிடம் தடவுவார் என்று நோட்டில் எழுதுங்கள். காதுக்குள், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலுக்குக் கீழே. வாய்வழி கொடுக்கும் உண்ணி மாத்திரை நாயின் எடைக்கு ஏற்ப வருகிறது. கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மழை வெயில் பாராமல் கொடுக்க வேண்டும். இந்த உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் கூட்டையும் திண்ணை ஓரத்தையும் சேர்த்தே சுத்தம் செய்தால்தான் பலன்.

மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கைக்கு வந்த அளவில் நாய்மேல் ஊற்றுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. நாய் நக்கும். வலிப்பு வரும். உடனே டாக்டரிடம் ஓடினாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். நாயின் சாதாரண வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று படுக்கும் அளவு அதற்கு இயல்பு. அதற்கு மேல் போனாலோ, சாப்பாடு மறுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

6. சாப்பாட்டுக் கணக்கு

வயிறு நிறைந்துவிட்டது என்று லாப்ரடார் ஒருநாளும் சொல்லாது. இது வெறும் பேராசை இல்லை. பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதால் ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்குவதில்லை என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016இல் கண்டார்கள். அதனால் அதன் கண்ணைப் பார்த்துப் போடாதீர்கள், டம்ளரால் அளந்து போடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். “நல்ல புஷ்டியா இருக்கே” என்று ஊர் மெச்சினால், இரண்டு கிலோ கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்துக்கு நேர்மாறான பேச்சு கிடைக்கும். “எலும்பு தெரியுதே, சோறு போடுறது இல்லையா?” கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது அதன் இயல்பு. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து கொழுக்க வைத்தால் மூட்டும் இதயமும் கெடும். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓட விடக்கூடாது. வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் சோறும் சாளையும் (மத்தி மீன்) நல்ல சேர்க்கைதான். சாளையைப் பச்சையாகப் போடாமல், முள் மசியும் வரை குக்கரில் வேகவிடுங்கள். உப்பு, புளி, வெங்காயம் போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம்; வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். மரச்சீனியைத் தோல் சீவி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கோழி எலும்பை வேகவைத்துப் போடாதீர்கள், சில்லாக உடைந்து குத்தும்.

சாப்பாடு, உண்ணி மாத்திரை, வருடத் தடுப்பூசி, இரண்டு தடவையாவது டாக்டர் செலவு. உங்கள் ஊர் விலையைப் போட்டு வருடக் கணக்கு எழுதி, அதைப் பத்தால் பெருக்குங்கள். இரண்டு இனமும் பத்து, பன்னிரண்டு வருட விஷயம். குட்டியின் விலை அந்தக் கணக்கில் ஒரு மூலைக்கு வராது. ஆனால் பேரம் எல்லாம் அதில்தான் நடக்கிறது.

7. வளர்ந்த நாயைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

இரண்டு மாதக் குட்டியில் எல்லாமே பஞ்சுதான். மூன்று வயதான லாப்ரடார் உள்ள ஒரு வீட்டுக்கும், அதே வயது ராஜபாளையம் உள்ள ஒரு வீட்டுக்கும் குடும்பத்தோடு போங்கள். சங்கிலி பிடிக்கப்போகிறவர் அந்த நாயை, அதன் சொந்தக்காரர் கூட வர, பத்து நிமிடம் நடத்திப் பார்க்கட்டும். சோபாவில் முடி எவ்வளவு, வீட்டில் வாடை எப்படி, நீங்கள் நுழைந்தபோது நாய் என்ன செய்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாப்ரடார் உங்கள் பாக்கெட்டை முகர்ந்திருக்கும். ராஜபாளையத்தைக் கட்டிவைத்திருப்பார்கள்.

அன்று ராத்திரி நோட்டைத் திறங்கள். ஆளும் பேரும் வந்துபோகும் வீடு, வயதானவர்கள், முதல் நாய், மதில் தாழ்வு, துடைக்கப் பொறுமை உண்டு என்றால் லாப்ரடார். தனிக் காம்பவுண்டு, உயர்ந்த மதில், தினமும் வீட்டில் இருக்கும் ஒரு திடமான ஆள், நாய் முன்பே வளர்த்த பழக்கம், கோழி இல்லாத அக்கம்பக்கம், அடைத்த இடத்தில் அவிழ்த்து ஓடவிட வசதி என்றால் ராஜபாளையம். சங்கிலியில் நடத்துவது மட்டும் அதற்குப் போதாது; கால் நீட்டி ஓட வேண்டும்.

‘காவல்’ என்ற ஒரே காரணத்துக்காக லாப்ரடார் கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். குரைக்கும், அப்புறம் திருடனுக்கு வால் ஆட்டும். அதே காரணத்துக்காக ராஜபாளையம் வாங்கி, இருபத்துநாலு மணி நேரமும் சங்கிலியில் போடுவது அதைவிட மோசம். கட்டியே வளர்ந்த நாய் அவிழ்ந்த அன்று யாரையாவது கடிக்கும்.

கணக்கு இரண்டுக்கும் ஒத்துவரவில்லையா? தெருவில் நல்ல நாட்டுக்குட்டிகள் கிடைக்கும். நம் மழைக்கும் வெயிலுக்கும் அவை என்றோ பழகிவிட்டன. 

8. இனி குட்டி

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆனாலும் முப்பத்தைந்து நாளில் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கும். முன்பே பிரித்தால் அந்தப் பாடத்தை உங்கள் கையில் படிக்கும்.

தாயைப் பார்க்க வேண்டும். “தாய் வேறு இடத்தில் இருக்கு” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் பயந்து பதுங்கினால் குட்டிகளும் பெரும்பாலும் அப்படியே வரும்.

லாப்ரடாரில் “டபுள் போன்” என்று ஒரு வார்த்தை விற்பார்கள். அப்படி ஒரு வகையே கிடையாது. பருமனான குட்டிக்குக் கூடுதல் விலை, அவ்வளவே. பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். கென்னல் கிளப் சான்றிதழ் பரம்பரையைச் சொல்லும், மூட்டைப் பற்றிச் சொல்லாது.

ராஜபாளையத்தில் முதலில் காது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்றே தேர்ந்து தேர்ந்து பெருக்கியதில் பிறவிச் செவிடும் கூடவே வந்துவிட்டது. குட்டியைக் கூட்டத்திலிருந்து தனியே கொண்டுவந்து, அது வேறெங்கோ பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக்கூடாது, அதிர்வில் திரும்பும். இரண்டு மூன்று தடவை, வேறு வேறு ஒலியில் செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காததை இந்த முறையில் பிடிக்க முடியாது. இரண்டும் கேட்காததைப் பிடித்துவிடலாம். தூங்கும்போது மற்றவை எழுந்தபின்னும் எழாத குட்டியைக் கவனியுங்கள். பக்கத்தில் விற்கும் வெள்ளைக் குட்டியெல்லாம் ராஜபாளையம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் கண்ணைச் சுற்றியும் முழங்காலிலும் முடி உதிர்ந்திருந்தால் சொறி. வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் புழு. புழுவைத் தீர்க்கலாம், சொறியை டாக்டர் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ராஜபாளையத்திலிருந்தே கொண்டுவருவது என்றால் சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாகப் பாதி நாள் பயணம். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள். வழியில் தண்ணீர் மட்டும். டீக்கடை முற்றத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் குட்டியைக் கீழே விடவே கூடாது. தடுப்பூசி முடியாத குட்டிக்கு, குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் அங்கேதான் காத்திருக்கிறது.

9. வீட்டுக்கு வரும் நாளின் வரிசை

குட்டி வருவதற்கு முந்தின வாரமே டாக்டரைப் போய்ப் பார்த்து, அவசரத்துக்கு ராத்திரியில் யாரிடம் போவது என்றும் கேட்டு வையுங்கள். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் என்றால் நாய்க்கு உரிமம் எடுக்க என்னென்ன வேண்டும் என்று அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு கேட் இடைவெளி, படி, பாய், பலகை. இதெல்லாம் முடிந்தபின்தான் குட்டி.

மறுநாள் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை அடுத்தடுத்து; மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் ஊசியாகக் கேளுங்கள். தண்ணீர் தேங்கும் நம் ஊரில் அது தேவை. ராஜபாளையம் என்றால், பிறகு எப்போது அறுவைசிகிச்சை வந்தாலும் மயக்க மருந்துக்கு முன்னால் இனத்தைச் சொல்லிவிடுங்கள். கொழுப்பில்லாத வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரம் பிடிக்கும்.

முதல் மூன்று நாள் உறவினர் கூட்டம் வேண்டாம். பழைய இடத்தில் சாப்பிட்டதையே ஒரு வாரம் கொடுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு போகும், அதைப் பார்வோ என்று நினைத்து நீங்கள் பதறுவீர்கள்.

ராத்திரி அழும். தாயோடு கிடந்த பழைய துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தால் அதைக் கூடையில் போட்டு, சங்கிலி பிடிக்கப்போகிறவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை மூத்திரத்துக்குத் தூக்கிப்போக வேண்டிவரும். குடை வாசலிலேயே இருக்கட்டும்.